வீட்டு நெகடிவ்களுக்கு எந்த பிளாட்பெட் ஸ்கேனர்? டர்பன் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளாட்பெட் ஸ்கேனர், அதாவது தட்டையான கண்ணாடிமேல் வைத்து மூடி எடுக்கும் ஸ்கேனர், வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் டிபிஐ எண்ணைத்தான், அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதைத்தான், பார்க்கிறார்கள். 6400, 9600 என்று பார்த்ததும் எது பெரியதோ அதை எடுத்துவிடலாம் என்று தோன்றும். வீட்டுக்கு வந்து நெகடிவ் பெட்டியைத் திறந்த பிறகுதான் பாதி ஃபிலிம் அந்த ஸ்கேனரின் ஹோல்டரில், அதாவது ஃபிலிமைப் பிடித்துவைக்கும் சட்டத்தில், உட்காராது என்று தெரியவரும். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் உங்கள் பெட்டியில் இருக்கும் ஃபிலிமை அளந்து பாருங்கள், அந்த அளவு ஸ்கேனரைத் தீர்மானிக்கட்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நட்டால் முழுவதும் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஆல்பம், நெகடிவ், கல்யாணப் படம் எல்லாம் சேற்றோடு போய்விட்டன. அதற்கும் முன்னால், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்க 1950இல் வந்த குழுப்பகுதிச் சட்டத்தின் பேரில் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் சாட்ஸ்வொர்த்துக்கு அள்ளிக்கொண்டு வரப்பட்டபோது, கையில் கொண்டுவர முடிந்தது ஒரு டிரங்குப் பெட்டி அளவுதான். அந்தப் பெட்டிக்குள் தப்பி வந்த நெகடிவ்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. டிரம் பத்திரிகைக்குப் படமெடுத்த ரஞ்சித் கல்லி போன்றவர்கள் நம் டர்பன் வாழ்க்கையைப் பதிவு செய்துவைத்தார்கள், உண்மைதான். ஆனால் உங்கள் ஆயா பழைய வீட்டு வாசலில் நின்ற படம் உங்கள் அலமாரியில் மட்டுமே இருக்கும்.

முதல் படி: பெட்டியைத் திறந்து அளவெடுங்கள்

ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். பருத்திக் கையுறை இருந்தால் நல்லது. நெகடிவை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். பள்ளிக்கூட அளவுகோல் ஒன்று போதும். ஃபிலிமின் அகலத்தையும் படத்தின் அளவையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளை இருந்து, அகலம் 35 மில்லிமீட்டர், படம் 24க்கு 36 என்றால் அது சாதாரண 35 மிமீ ஃபிலிம். எழுபதுகளுக்குப் பிறகு எடுத்த கலர் நெகடிவ்கள் பெரும்பாலும் இதுதான்.

அதே 35 மிமீ அகலம்தான், ஆனால் படம் சுமார் 28 மிமீ சதுரம், ஒரு படத்துக்கு ஒரே ஒரு துளை என்றால் அது 126. 1963இல் கோடாக் கொண்டுவந்த இன்ஸ்டமேட்டிக் கேமராவின் ஃபிலிம். கவனமாக இருங்கள்: இதை 35 மிமீ ஹோல்டரில் வைத்தால் உட்காரும், ஆனால் மேலும் கீழும் படம் வெட்டுப்படும்.

அகலம் 61 மிமீ பக்கம் இருந்தால் 120 அல்லது 620. ஐம்பதுகளில் வீட்டுக்கு ஒன்று என்று இருந்த பெட்டி கேமராக்களின் ஃபிலிம் இது. சுருள்தான் வேறு, ஃபிலிம் அகலம் இரண்டுக்கும் ஒன்றே, ஆகவே ஸ்கேனருக்கு வித்தியாசம் தெரியாது. படம் 6க்கு 6 சென்டிமீட்டர் சதுரமாகவோ 6க்கு 9 ஆகவோ இருக்கும். 46 மிமீ அகலமென்றால் 127. சுண்டுவிரல் அகலத்தில் 16 மிமீ என்றால் 110. அதில் படம் 13க்கு 17 மிமீதான்.

இவை தவிர, ஸ்டுடியோவில் எடுத்த 4க்கு 5 அங்குலத் தனித் தாள் நெகடிவ்கள், அபூர்வமாகக் கண்ணாடி நெகடிவ்கள், அட்டைச் சட்டத்தில் பொருத்திய ஸ்லைடுகள். எது எவ்வளவு என்று தோராயமாக எண்ணிக் குறித்துவையுங்கள். இந்தக் குறிப்புத்தாள்தான் கடைக்குக் கொண்டுபோக வேண்டியது.

அளக்கும்போதே மூக்கையும் பயன்படுத்துங்கள். பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால் அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும், அதனால் உடனே தனியே பிரித்துவைத்து, அவற்றை முதலில் ஸ்கேன் செய்யத் திட்டமிடுங்கள். 1950க்கு முந்தைய ஃபிலிம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஓரத்தில் ஆங்கிலத்தில் சேஃப்டி என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. நைட்ரேட் என்று இருந்தாலோ, பழுப்பேறிப் பிசுபிசுப்பாக ஒட்டினாலோ ஸ்கேனரில் வைக்காதீர்கள். நைட்ரேட் ஃபிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. அதை ஒரு காப்பகத்தின் ஆவணப் பாதுகாப்பாளரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் படி: பிளாட்பெட் உங்களுக்குத் தேவைதானா?

குறிப்புத்தாளில் முழுக்க முழுக்க 35 மிமீ மட்டும்தான் என்றால், வெளிப்படையாகச் சொல்கிறேன், பிளாட்பெட் சிறந்த தேர்வு இல்லை. பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ மாதிரி 35 மிமீக்கென்றே செய்த ஃபிலிம் ஸ்கேனர் அதே படத்தில் கூடுதல் நுணுக்கம் தரும். நல்ல மேக்ரோ லென்ஸும் கேமராவும் ஏற்கனவே வைத்திருக்கிறவர்கள் ஒரு ஒளிப்பலகையில் நெகடிவை வைத்துப் படமெடுத்தும் வேலையை வேகமாக முடிக்கலாம்.

ஆனால் நம் வீடுகளில் அப்படி ஒரே வகையாக இருப்பது அபூர்வம். கொஞ்சம் 120, கொஞ்சம் 126, நெகடிவே இல்லாத பழுப்பேறிய பிரிண்டுகள், கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், தாத்தாவின் தாத்தா வந்த கப்பல் எண் எழுதிய ஒப்பந்தக்கூலிப் பத்திரத்தின் நகல். 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கிய வரவு இது, காகிதங்களுக்குக் குறைவில்லை. இவை எல்லாவற்றையும் ஒரே கருவியில் எடுக்க பிளாட்பெட்டால்தான் முடியும். 120 ஃபிலிமைப் பொறுத்தவரை விலைக்குத் தகுந்த பலன் தருவதும் அதுதான்.

மூன்றாம் படி: எதைப் பார்த்து வாங்குவது

ஸ்கேனரின் மூடிக்குள் விளக்கு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. சாதாரண ஸ்கேனர் கீழிருந்து ஒளி பாய்ச்சி, தாளில் பட்டுத் திரும்புவதைப் படிக்கிறது. ஃபிலிமுக்கு ஒளி மேலிருந்து ஊடுருவி வர வேண்டும். அந்த விளக்கு மூடியில் இருந்தால்தான் நெகடிவ் வேலை நடக்கும். மெலிதாக, எடையே இல்லாமல், யுஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை, சென்சார் கண்ணாடியை ஒட்டியே ஓடும். கேனன் லைட் வரிசை ஓர் உதாரணம். தாளுக்கு அருமையாக இருக்கும், ஃபிலிமுக்கு உதவாது. கண்ணாடியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலே அவற்றின் ஃபோகஸ் கலங்கிவிடும், ஹோல்டரோ ஃபிலிமைக் கண்ணாடிக்கு மேலே தூக்கித்தான் வைக்கும். உங்களுக்கு வேண்டியது லென்ஸ் வழியாகப் படிக்கும் சிசிடி வகை.

அடுத்தது, மூடியின் விளக்கு எவ்வளவு அகலம்? நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600இல் நடுவே ஓடும் ஒளிப்பட்டை 120 ஃபிலிமுக்குச் சரியாக இருக்கும். இரண்டு துண்டு 35 மிமீ, அதாவது 12 படங்கள், அல்லது நான்கு ஸ்லைடு, அல்லது ஒரு துண்டு 120 வைக்கலாம். 4க்கு 5 தாள் நெகடிவ் அதில் முழுதாக அடங்காது. இரண்டு தடவையாக எடுத்து மென்பொருளில் ஒட்ட வேண்டும், ஒட்டு தெரியாமல் வருவது கஷ்டம். வி700, வி750, வி800, வி850 ஆகியவற்றில் ஒளிபடும் பரப்பு 8க்கு 10 அங்குலம். ஸ்டுடியோ நெகடிவும் கண்ணாடி நெகடிவும் பெட்டியில் இருந்தால் இந்த வரிசையைத் தவிர வேறு வழி யோசிக்க வேண்டாம்.

இப்போது டிபிஐக்கு வருவோம். பெட்டியில் போட்டிருப்பது சென்சார் எத்தனை புள்ளிகளைப் பதிகிறது என்ற கணக்கு. லென்ஸ் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறது என்பது வேறு. வி600க்கு எழுதியிருப்பது 6400. சோதனைப் பலகை வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது 1500, 1600 பக்கம்தான். வி700 முதல் வி850 வரை உள்ளவற்றில் 2300க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. பிளஸ்டெக் 8200ஐக்கு எழுதியிருப்பது 7200, கிடைப்பது 3200க்குச் சற்று மேல்.

இந்த எண்களைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். 1600 என்று வைத்துக்கொண்டால் 35 மிமீ படம் சுமார் 2270க்கு 1510 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 7க்கு 5 அங்குலப் பிரிண்ட் தாராளமாக வரும். ஆல்பத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் அது போதும், சுவரில் பெரிதாக மாட்டப் போதாது. அதே 1600இல் 6க்கு 9 நெகடிவ் ஏறக்குறைய 5290க்கு 3530 புள்ளி தரும், அதாவது 18 மெகாபிக்சலுக்கு மேல். 17 அங்குல அகலத்துக்கு அச்சடிக்கலாம். பழைய பெட்டி கேமராவின் லென்ஸ் சாதாரணமானதுதான், ஆனாலும் ஃபிலிம் பெரியதாக இருப்பதால் ஆச்சரியப்படும் அளவுக்கு விவரம் இருக்கும். மேகசின் பேரக்ஸ் கால்பந்து அணியின் குழுப்படம் ஒன்றை இப்படி எடுத்தபோது, பிரிண்டில் வெறும் வெள்ளைப் புள்ளியாக இருந்தது கோப்பையில் கட்டிய ரிப்பன் என்று தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர் கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதும், நடுவில் உட்கார்ந்தவரின் சட்டைப் பையில் இருந்த பேனாவின் கிளிப்பும் தெளிவாக இருந்தன.

அப்புறம் டிமேக்ஸ். ஃபிலிமின் மிக இருண்ட பகுதிக்குள் ஸ்கேனரால் எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதன் அளவு. வி600க்கு 3.4, வி700 முதல் வி850 வரை 4.0 என்று தயாரிப்பாளர் சொல்கிறார். இதுவும் கொஞ்சம் தாராளமான கணக்குதான். நெகடிவ்களுக்கு 3.4 போதும், அவற்றின் அடர்த்தி அவ்வளவு போகாது. ஸ்லைடு அதிகம் இருந்தால் மட்டும் இந்த எண்ணைக் கவனியுங்கள்; நிழல் பகுதிகள் கரியாகாமல் இருக்க அது உதவும்.

தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதி, எப்சனில் டிஜிட்டல் ஐஸ், கேனனில் ஃபேர் என்ற பெயரில் இருக்கும். கலர் ஃபிலிமின் சாயம் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்காது, தூசியும் கீறலும் தடுக்கும். அந்த நிழலை வைத்து மென்பொருள் தூசியைக் கண்டுபிடித்து நிரப்புகிறது. எண்பதுகளின் கலர் நெகடிவ் நூற்றுக்கணக்கில் இருந்தால் இது பெரிய வரம். ஆனால் கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகளால் ஆனது, வெள்ளி அகச்சிவப்பையும் மறைக்கும். ஸ்கேனர் முகத்தையே கீறல் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். கோடாக்குரோம் ஸ்லைடுகளிலும் இதே மாதிரி தகராறு உண்டு. ஆகவே உங்கள் பெட்டியில் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளை என்றால் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

ஹோல்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வி800, வி850 ஹோல்டர்களில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஃபிலிம் வளையாமல் இருக்க ஒளிபுகும் தகடும் உண்டு. வி600 ஹோல்டர் எளிமையானது, உயரம் நிலையானது.

நான்காம் படி: எந்த மாடல்?

120 நெகடிவ், பிரிண்ட், கொஞ்சம் 35 மிமீ என்ற வழக்கமான டர்பன் வீட்டுக் கலவைக்கு வி600தான் என் தேர்வு. அதன் தம்பி வி550 பழைய சரக்காகக் கிடைத்தால் அதுவும் சரி, வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கேனன் கேனோஸ்கேன் 9000எஃப் மார்க் 2 இப்போது தயாரிப்பில் இல்லை, நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். 35 மிமீ, 120 இரண்டும் எடுக்கும்.

கோயில், சபா, தமிழ்ப்பள்ளி என்று பொதுவில் வாங்குவதானால் வி800 அல்லது வி850க்குப் பணம் திரட்டுங்கள். ஒரே தடவையில் 18 படம் 35 மிமீ அல்லது 12 ஸ்லைடு வைக்கலாம், பெரிய நெகடிவும் அடங்கும், பலர் மாறி மாறிப் பயன்படுத்தினாலும் தாங்கும். இரண்டுக்கும் இயந்திரம் ஏறக்குறைய ஒன்றே. வி850இல் லென்ஸ் பூச்சு, கூடுதல் ஹோல்டர் செட், மேம்பட்ட சில்வர்ஃபாஸ்ட் மென்பொருள் என்று சில சேர்க்கைகள். விலை வித்தியாசம் அதிகமென்றால் வி800 போதும். அவற்றின் அண்ணன் வி700 2006இல் வந்தது. ஒளிக்கு எல்இடிக்குப் பதில் குழல்விளக்கு, சூடேறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதைத் தவிர இன்றைக்கும் நல்ல உழைப்பாளி.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட் வரியும் அனுப்பும் செலவும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அடாப்டரில் உள்ள ஒட்டுச்சீட்டைப் படித்து, நம் 230 வோல்ட்டை ஏற்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 100 முதல் 120 வரை மட்டும் என்று இருந்தால் சுவரில் செருகிய கணமே புகைந்துபோகும். சரியான வோல்ட்டும் ஆம்பியரும் உள்ள உள்ளூர் அடாப்டரை முதலிலேயே வாங்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: பழைய ஸ்கேனரைப் பார்த்து வாங்குவது

ஃபேஸ்புக் சந்தையிலோ தெரிந்தவர் மூலமோ பழையது கிடைத்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஹோல்டர் எல்லாம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. "ஹோல்டர் எங்கேயோ இருக்கு அண்ணா, தேடி அனுப்புறேன்" என்று சொன்னால், அது வராது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். தனியாக வாங்க விலை அதிகம்.

கண்ணாடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்தால் உள்பக்கம் பனி படிந்தது மாதிரி மங்கல் தெரியும். பல வருடம் ஓடிய ஸ்கேனரில் பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ஆவி அங்கே படியும். டர்பன் ஈரத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். லேசான மங்கல் என்றால் பிரித்துத் துடைக்கலாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் வேண்டாம்.

மடிக்கணினி கொண்டுபோய் ஃபிலிம் முறையில் வெறும் கண்ணாடியை ஒரு தடவை ஸ்கேன் செய்யுங்கள். நீளவாக்கில் கோடு விழுந்தால் முதலில் அளவுத்திருத்தப் பகுதியை, அதாவது ஸ்கேனர் தன் ஒளியைச் சரிபார்த்துக்கொள்ளும் கண்ணாடியின் தலைப்பக்கத்தை, துடைத்துப் பார்க்கலாம். அப்படியும் போகவில்லையென்றால் சென்சார் கோளாறு. அப்புறம் கூர்மையாக இருக்கும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு நெகடிவை எடுத்துப் பாருங்கள். தூக்கிக்கொண்டு வரும் முன் போக்குவரத்துப் பூட்டு இருந்தால் பூட்டுங்கள். வீட்டில் மறுபடி இயக்கும் முன் திறக்கவும் வேண்டும்.

பழைய மாடலுக்குப் புதிய விண்டோஸிலோ மேக்கிலோ தயாரிப்பாளரின் மென்பொருள் ஓடாமல் போகலாம். வியூஸ்கேன் என்ற மென்பொருள் கைவிடப்பட்ட நிறைய மாடல்களை இயக்கும். வாங்கும் முன் அதன் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாம் படி: ஃபிலிமைத் தயார்செய்து ஃபோகஸ் பார்ப்பது

நம் கடற்கரை ஈரம் நெகடிவுக்குப் பகை. ஃபிலிமின் மேல்பூச்சு ஜெலட்டின், பூஞ்சைக்கு அது சாப்பாடு. நூல்நூலாகப் படர்ந்த தடம் தெரிந்தால் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படமே உரிந்து போய்விடும். காற்று ஊதும் ரப்பர் பம்பும் மெல்லிய தூரிகையும் போதும். வாயால் ஊதக் கூடாது. ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். சாம்பிராணி போட்ட அறையில் அன்றைக்கு ஸ்கேன் வேண்டாம், அந்தப் புகைத்துகள் கண்ணாடியில் வந்து உட்காரும்.

சுருண்ட ஃபிலிமைச் சுத்தமான அமிலமற்ற காகிதத்துக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் விடுங்கள். அவசரப்பட்டு எதிர்த்திசையில் சுருட்டினால் வெடிப்பு விழும். நெகடிவை நேராகக் கண்ணாடிமேல் வைத்தால் வானவில் நிற வளையங்கள் விழும், அவை நியூட்டன் வளையங்கள். இதைத் தவிர்க்கவே ஹோல்டர் ஃபிலிமைத் தூக்கிப் பிடிக்கிறது. பளபளப்பான பக்கம் கீழே, மங்கலான பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள்; மேலிருந்து பார்க்கும்போது ஓரத்து ஆங்கில எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிய வேண்டும். வெளியே வரும் படம் திரும்பி இருந்தால் மென்பொருளில் ஒரு சொடுக்கில் புரட்டிக்கொள்ளலாம்.

126, 127, 110 ஆகியவற்றுக்கு ஸ்கேனரோடு ஹோல்டர் வராது. கறுப்பு அட்டையில் அளவுக்கு வெட்டி நீங்களே செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஹோல்டரின் தலைப்பக்கத்தில் இருக்கும் திறப்பை ஸ்கேனர் தன் ஒளியை அளவுத்திருத்தம் செய்யப் பயன்படுத்துகிறது. உங்கள் அட்டையிலும் அதே இடத்தில் அதே அகலத்துக்குத் திறப்பு விடுங்கள், இல்லாவிட்டால் கோடு கோடாக வரும்.

ஃபோகஸ் பார்ப்பது இந்த வேலையிலேயே அதிகப் பலன் தரும் சின்ன வேலை. வி600இன் லென்ஸுக்குத் தானாக ஃபோகஸ் செய்யத் தெரியாது, ஒரே உயரத்தில்தான் கூர்மை. ஒவ்வொரு இயந்திரத்திலும் அந்த உயரம் கொஞ்சம் மாறும். ஒரு கூர்மையான நெகடிவை ஹோல்டரில் பூட்டுங்கள். 80 கிராம் அச்சுத்தாள் ஒன்று சுமார் 0.1 மிமீ கனம். அதைத் துண்டுகளாக்கி, ஹோல்டரின் நான்கு மூலைக்கு அடியிலும் முதலில் எதுவும் வைக்காமல், அடுத்து மூன்று தாள், அப்புறம் ஆறு, ஒன்பது என்று வைத்து, அதே இடத்தை 3200இல் ஸ்கேன் செய்யுங்கள். 100 சதவீதத்தில் பெரிதாக்கிக் கண்ணிமை, புடவைக் கரை மாதிரி ஒரு நுணுக்கத்தை ஒப்பிட்டால் எது கூர்மை என்று தெரிந்துவிடும். அந்த உயரத்துக்குத் தாளை ஹோல்டரின் காலிலேயே ஒட்டிவிடுங்கள். உயரம் கூட்டக்கூட மோசமானால் ஹோல்டரின் காலைத் துளி தேய்க்க வேண்டியிருக்கும், அதைச் செய்வதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

ஏழாம் படி: மென்பொருள் அமைப்பு

எப்சன் ஸ்கேன் மென்பொருளில் தானியங்கி முறையை விட்டு தொழில்முறை முறைக்குப் போங்கள். ஃபிலிம் வகை சரியாகத் தேர்ந்தெடுங்கள்: கலர் நெகடிவ், கறுப்பு-வெள்ளை நெகடிவ், ஸ்லைடு. கலர் நெகடிவின் ஆரஞ்சு நிறத்தை மென்பொருளே கழித்துக்கொள்ளும். கலருக்கு 48 பிட், கறுப்பு-வெள்ளைக்கு 16 பிட் சாம்பல். வகைவகையான அளவு இருந்தால் சிறுபட முறையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு ஓரத்தை வெட்டும்.

35 மிமீக்கு 3200, 120க்கு 2400. லென்ஸ் தருவதைவிடக் கொஞ்சம் கூட வைப்பதில் தவறில்லை. 6400இல் எடுத்தால் கோப்பு வீங்குமே தவிர புதிதாக ஒன்றும் வராது. 3200இல் ஒரு 35 மிமீ கலர் படம் 80 மெகாபைட் தாண்டும், 2400இல் 6க்கு 6 கறுப்பு-வெள்ளை 55 மெகாபைட் பக்கம். அதனால் வட்டு இடத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள்.

கூர்மையாக்கல், நிற மீட்பு, துகள் குறைப்பு எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். கலர் மங்கிப்போன எழுபதுகளின் படத்துக்குப் பொத்தானை அழுத்தி உயிர் கொடுக்க ஆசை வரும்தான். மூலக் கோப்பில் வேண்டாம். வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தின் (ஹிஸ்டோகிராம்) இரண்டு முனையும் வெட்டுப்படாமல் இழுத்துவிட்டு, தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். அழகுபடுத்துவதெல்லாம் நகலில் செய்து, அதை ஜேபெக் ஆக்கி உறவினர்களுக்கு அனுப்புங்கள்.

டிஜிட்டல் ஐஸ் போட்டால் ஒவ்வொரு படத்துக்கும் நேரம் பல மடங்காகும். லோட் ஷெட்டிங் முன்னளவுக்கு இல்லை என்றாலும், நடுவில் மின்சாரம் போனால் அந்தத் தொகுப்பு முழுவதும் போச்சு. ஸ்கேனரையும் கணினியையும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போடுவது நல்லது. இடி மின்னல் மாலைகளில் வேலையை நிறுத்திவிட்டு, சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

எட்டாம் படி: பெயரும் நகலும்

முதல் சில படங்கள் திரையில் வந்ததும் வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். திரையில் பெரிதாக்கிக் காட்டும்போது கையகல பிரிண்டில் பார்க்காததைப் பார்ப்பார்கள்.

"ஆயா, இது எந்தக் கோயில்?"

"கோயிலைப் பாக்காத, காவடிக்குப் பின்னால நிக்கிறா பாரு, தலையில பால்செம்பு வெச்சிக்கிட்டு. அது எங்க அக்கா. கிளேர்வுட்ல இருந்தப்போ."

அப்படி ஒரு வரி வந்ததும் அதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்: தோராயமான வருடம், இடம், யார், வரிசை எண். வருடம் தெரியாவிட்டால் 195எக்ஸ் மாதிரி பத்தாண்டை மட்டும் போடுங்கள். பேச அனுமதித்தால் கைப்பேசியில் குரலையும் பதிந்து அதே எண்ணில் சேமியுங்கள். உறையில் ஸ்டுடியோ முத்திரை, பென்சில் எழுத்து இருந்தால் அந்த உறையையும் பிளாட்பெட்டில் வைத்து எடுத்துவிடுங்கள். கிரே தெரு ஸ்டுடியோ முகவரி ஒன்று படத்தின் காலத்தைக் கண்டுபிடிக்கப் போதும்.

டிஃப் கோப்புகள் ஒரு வன்தட்டில், நகல் இன்னொன்றில், அந்த இரண்டாவது வேறொரு வீட்டில், முடிந்தால் மேட்டுப்பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டில். மூன்றாவது நகல் இணைய மேகத்தில். பொது முக்கியத்துவம் உள்ள படங்கள், அதாவது பழைய பேரக்ஸ், இடித்துப்போட்ட கோயில், தமிழ்ப்பள்ளி வகுப்புக் குழு போன்றவை இருந்தால் டர்பன் 1860 பாரம்பரிய மையத்திடமோ, வெஸ்ட்வில்லில் இருக்கும் காந்தி-லுதுலி ஆவண மையத்திடமோ நகல் தரலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

நெகடிவைத் தூக்கி எறியாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல ஸ்கேனர் வரும், அப்போது மூலம் வேண்டும். பழைய பிளாஸ்டிக் உறைகளில் சில வாயு விடும், ஒட்டிக்கொள்ளும். அமிலமற்ற காகித உறைக்கு மாற்றி, உறைமேல் பென்சிலால் ஸ்கேன் கோப்பு எண்ணை எழுதுங்கள். தகரப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, தரைக்கு மேலே, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். காடி வாடை அடித்தவற்றைத் தனியே, காற்று போகும் அட்டைப்பெட்டியில். மழைக்காலம் முடிந்ததும் சிலிக்கா ஜெல்லை மாற்றும்போது ஒருமுறை திறந்து முகர்ந்து பார்த்துவிடுங்கள்.